குருதிக் கலங்களை எண்ணிய வரலாறு

ஒருவருடைய உடலிற் குருதி குறைந்துவிட்டது என்று சொல்வது எளிது. ஏன் குறைந்தது என்று சொல்வது அரிது. சிறிது தூரம் நடந்தாலே மூச்சிரைப்பு, அடிக்கடி வரும் காய்ச்சல், எங்கும் இடிபடாமலே தோலில் தோன்றும் நீலக் கண்டல்கள் என்னும் இவற்றோடு ஒருவர் வைத்தியசாலைக்கு வருகிறார். குருதியைச் சோதிக்கிறார்கள். செங்குழியங்கள் குறைவு, வெண்குழியங்கள் குறைவு, குருதிச் சிறுதட்டுக்களும் குறைவு என்று முடிவு வருகிறது. ஆனால் இது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் வந்து கூடும் பொதுவாசல் என்றே இதனைக் கொள்ளல் வேண்டும்.

அந்த வாசலுக்குப் பின்னால் நிற்கும் நோய்களோ ஒன்றோடொன்று ஒவ்வாதவை. உணவிலிருந்து கிடைக்கவேண்டிய பீ-12 என்னும் உயிர்ச்சத்து இல்லாமையாலும் குருதிக் கலங்கள் குறையும். குருதியை ஆக்கும் என்புமச்சை வெறுமையாகிக் கொழுப்பு மண்டிக் கிடப்பதாலும் குறையும். மச்சை நிறைந்திருந்தும், அது ஆக்கும் கலங்கள் உருச்சிதைந்து வெளிவருமுன்பே மடிவதாலும் குறையும். மறைந்திருக்கும் புற்றுநோய் ஒன்று மச்சையின் இடத்தைக் கவர்ந்துகொள்வதாலும் குறையும். முதலாமவர் சில ஊசிகளாற் குணமடைவார். இரண்டாமவருக்கு உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தோ, மற்றொருவரின் மச்சையோ வேண்டும். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் வழிகள் வேறு. ஒருவருக்குரிய மருந்தை மற்றவருக்குக் கொடுத்தாற் கைவிட்டுப் போவது காலம். சில வேளைகளில் உயிருமாம். நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும் எனத் திருக்குறள் மருத்துவனுக்கு வகுத்த நெறி இத்தகைய நோயாளியின் கட்டிலருகே முழுப்பொருள் பெறுகிறது.

எத்தனை கலங்கள் என்பது முதற் கேள்வி. எத்தகைய கலங்கள் என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு மருத்துவ உலகம் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஒல்லாந்து தேசத்து அந்தோனி வான் லீவன்ஹூக் தாமே கடைந்த வில்லையினூடாகச் செங்குழியங்களைக் கண்டு எழுதியது 1674ஆம் ஆண்டில். ஆயினும் அவற்றை எண்ணிப் பார்க்கலாம் என்னும் எண்ணம் செயலாவதற்கு 1852 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் ஜேர்மானியரான கார்ள் ஃபீறோர்ட் குருதியை ஐதாக்கி, அளந்த துளியைக் கண்ணாடியிற் பரப்பி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணினார். ஒருவரின் குருதியை எண்ணி முடிக்க மணிக்கணக்காயிற்று. 1877இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் கோவர்ஸ் கட்டங்கள் கீறிய கண்ணாடித் தட்டொன்றை அமைத்து அவ்வேலையை எளிதாக்கினார். ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்கள், 4,000 முதல் 11,000 வரை வெண்குழியங்கள், 1,50,000 முதல் 4,50,000 வரை சிறுதட்டுக்கள் என இன்று வழங்கும் கணக்குகள் இத்தகைய பொறுமையான எண்ணலின் வழிவந்தவை.

இக்கலங்கள் எங்கே பிறக்கின்றன என்பது 1868இல் தெரியவந்தது. கோனிக்ஸ்பேர்க் நகரில் ஏர்ன்ஸ்ட் நொய்மனும், இத்தாலியில் ஜூலியோ பிற்சொசெறோவும் தனித்தனியே ஆராய்ந்து, என்பினுள்ளே இருக்கும் மச்சையே குருதியின் பிறப்பிடம் என்று காட்டினர். அதன்பின் குருதி குறைந்தவருடைய நோயை மச்சையிலே தேடவேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆனால் உயிரோடிருப்பவரின் மச்சையைப் பார்க்கும் வழி அக்காலத்தில் இருக்கவில்லை.

போல் ஏர்லிக் என்னும் இளம் வைத்தியர் 1879ஆம் ஆண்டளவில் துணிக்கு ஊட்டும் சாயங்களைக் குருதிக்கு ஊட்டினார். ஒரே வகையினவாகத் தோன்றிய வெண்குழியங்கள் சாயம் பட்டதும் வெவ்வேறு நிறங்கொண்டு வெவ்வேறு இனங்களாகப் பிரிந்து நின்றன. எத்தகைய கலங்கள் என்னும் கேள்வி இங்கே கேட்கப்பட்டது. அதே ஏர்லிக் 1888இல் கருவுற்ற இளம்பெண் ஒருத்தியின் வரலாற்றை வெளியிட்டார். அவளுக்குக் கடுமையான குருதிக்குறைவு, குருதிப்பெருக்கு, விரைவில் மரணம். இறந்தபின் என்பைத் திறந்து பார்த்தபோது, சிவந்திருக்க வேண்டிய மச்சை கொழுப்பாய் வெளிறிக் கிடந்தது. பின்னாளில் அப்பிளாஸ்ரிக் அனீமியா எனப் பெயர்பெற்ற மச்சைச் சோர்வு நோயின் முதற் பதிவு அதுவே. காரணம் தெரிந்தது, ஆனால் தெரிந்த பொழுது நோயாளி இல்லை.

இந்தத் துயரம் 1927இல் ஓரளவு நீங்கியது. லெனின்கிராட் நகரில் மிக்கையில் அரின்கின் என்பவர் நெஞ்சென்பில் ஊசியைச் செலுத்தி, உயிரோடிருப்பவரின் மச்சையைச் சிறிதளவு உறிஞ்சி எடுக்கும் முறையைக் கையாண்டார். அன்றுமுதல் வைத்தியர் மச்சையை நேரே காணலாயினர். காணலாயினரே தவிர, கண்டதன் பொருள் எப்போதும் விளங்கிற்று என்று சொல்லமுடியாது. அதனை விளக்குவதற்கு வேறொரு நோயின் கதை உதவும்.

1882இல் கிறைப்ஸ்வால்ட் நகரத்து வைத்தியர் போல் ஸ்ட்ரூபிங் விசித்திரமான நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் 29 வயதுடைய வண்டித் தச்சர். இரவில் உறங்கி எழுந்தால் அவருடைய சிறுநீர் கறுஞ்சிவப்பாக வெளியேறும். பகலில் மெல்லத் தெளியும். செங்குழியங்கள் உடைந்து, அவற்றின் ஈமோகுளோபின் சிறுநீரிற் கலக்கிறது என்பதை ஸ்ட்ரூபிங் உணர்ந்தார். உறக்கத்தில் உடலிற் சேரும் அமிலத்தன்மையே இச்செங்குழியங்களை உடைக்கிறது என்றும் ஊகித்தார். அக்காலத்தார் அவ்வூகத்தைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. இத்தாலியரான மார்க்கியஃபாவா 1911இலும், மிக்கேலி 1931இலும் மீண்டும் அந்நோயைப் பற்றி எழுதினர். பீ.என்.எச். என்னும் மூன்றெழுத்தால் இன்று வைத்தியர் அதனைக் குறிப்பிடுகின்றனர்.

ஸ்ட்ரூபிங் ஊகித்ததைச் சோதனைக்குழாயில் நிறுவியவர் பொஸ்டன் நகரத்துத் தோமஸ் ஹேல் ஹாம். சிறிது அமிலங் கலந்த சீரத்தில் நோயாளியின் செங்குழியங்களை இட்டால் அவை உடைகின்றன, ஏனையோருடையவை உடைவதில்லை என்று 1937இல் அவர் காட்டினார். ஹாம் சோதனை என்று பெயர்பெற்ற அது அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நோயைக் காட்டும் கண்ணாடியாக விளங்கியது. ஆயினும் அக்கண்ணாடியில் இரண்டு மறுக்கள் இருந்தன. நோயாளிக்குப் பிறர் குருதி ஏற்றப்பட்டிருந்தால், ஏற்றிய நல்ல செங்குழியங்கள் குறையுள்ளவற்றை மறைத்துவிடும். குறையுள்ளவை மிகச் சிலவேயாயின் சோதனை அவற்றைக் காணவே காணாது. கலங்கள் குறைந்த நோயாளியின் நிலையோ பெரும்பாலும் இதுதான்: குருதி ஏற்றாமல் அவர் வாழ்தல் அரிது, அவரிடம் எஞ்சியிருப்பனவும் சிலவே.

1967ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். இலண்டனில் லூயிஸ், டேசி என்னும் இருவரும் மச்சைச் சோர்வு நோயாளர் சிலரிடத்தில் பீ.என்.எச். கலங்கள் தோன்றுவதை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் அமெரிக்கக் குருதியியல் அறிஞர் வில்லியம் டாமெஷெக் ஒரு விடுகதை போட்டார்: மச்சைச் சோர்வு, பீ.என்.எச்., கலங்கள் குறைந்த வகை லூக்கீமியா என்னும் இம்மூன்றுக்கும் பொதுவாயிருப்பது யாது? வெறுமையான மச்சை ஒன்றிலே மூன்று நோய்களும் சந்திக்கின்றன. ஒன்று மற்றொன்றாக மாறவுங் கூடும் என்பதை வைத்தியர்கள் கட்டிலருகே கண்டிருந்தனர். ஆனால் எந்த நோயாளியில் எது இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் கருவி அவர்கள் கையில் இருக்கவில்லை.

கண் ஏன் போதவில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. வழக்கமாக நுணுக்குக்காட்டியில் 100 வெண்குழியங்களைப் பார்த்து அவற்றை இனம்பிரிப்பார்கள். நோயுற்ற கலம் நூற்றுக்கு ஒன்று வீதம் இருப்பதாகக் கொள்வோர், அந்த 100இலே ஒன்று கட்டாயம் அகப்படும் என எண்ணக்கூடும். கணக்கு அவ்வாறு சொல்வதில்லை. அவ்வாறு 100 பேரைச் சோதித்தால், ஏறத்தாழ 37 பேரில் ஒரு நோய்க்கலமேனும் கண்ணிற் படாது. ஆயிரத்துக்கு ஒன்று, பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் கண்ணாற் காண்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. மேலும், கலங்கள் சில நோய்களில் உருவத்தால் வேறுபடுவதில்லை. பீ.என்.எச். செங்குழியம் நுணுக்குக்காட்டியின் கீழ் நல்ல செங்குழியத்தைப் போலவே வட்டமாய் இருக்கும்.

எண்ணும் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கலாமா என்னும் சிந்தனை 1934இலேயே எழுந்தது. மொன்றியல் நகரத்து அன்ட்ரூ மொல்டவன் என்பவர், நுண்குழாயினூடாகக் கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒளிமின்கலத்தால் எண்ணும் யோசனையை வெளியிட்டார். 1953இல் இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. சிக்காகோ நகரத்து வோலஸ் கோல்ற்றர், மின்னோட்டம் செல்லும் நுண்துளையினூடாகக் கலங்களைச் செலுத்தி, ஒவ்வொரு கலமும் மின்னோட்டத்தைத் தடுக்கும் கணத்தை எண்ணும் கருவிக்கு உரிமைச் சான்றிதழ் பெற்றார். சிகரெட்டுப் பெட்டியின் மெல்லிய உறைத்தாளிற் சூடேற்றிய ஊசியால் இட்ட துளையே அவருடைய முதற் கருவியின் உயிர்நாடி என்று கூறுவர். அதே ஆண்டில் இலண்டனில் குரொஸ்லண்ட் ரெய்லர், வேகமாக ஓடும் நீருறை ஒன்றின் நடுவே கலங்களை மெல்லிய தாரையாகச் செலுத்தினால் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்லும் என்று காட்டினார்.

கோல்ற்றரின் கருவி உலகெங்கும் பரவியது. மணிக்கணக்கான வேலை நிமிடக்கணக்காயிற்று. ஆனால் அது விடை கூறியது முதற் கேள்விக்கே. கலங்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்று சொல்லும்; எத்தகையவை என்று சொல்லாது. போதாக்குறைக்கு, செங்குழியங்களில் இரண்டு பருமன்கள் இருப்பதுபோல அக்கருவி சில வேளை காட்டியது. இயற்கையில் உள்ள வேறுபாடா, கருவியின் மயக்கமா? லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்து மக் புல்வைலர் இதனைத் தீர்க்க எண்ணினார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து றிச்சர்ட் சுவீற் மைத்துளிகளுக்கு மின்னேற்றி எழுதும் முறையொன்றை வகுத்திருந்தார். அதனைத் தழுவி, கலங்களைத் துளிகளில் அடைத்து, மின்னேற்றி, வெவ்வேறு கிண்ணங்களில் விழச்செய்யும் பொறியொன்றைப் புல்வைலர் 1965இல் அமைத்தார். பெரியவை எனப்பட்டவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் அளந்தபோது, அவற்றிலும் முன்போலவே இரண்டு பருமன்கள் தோன்றின. மயக்கம் கருவியினுடையதே என்பது தெளிவாயிற்று. கருவியின் சாட்சியத்தையும் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும் என்னும் பாடம் இத்துறையின் தொட்டிலிலேயே கிடைத்தது.

அதே 1965இல் நியூயோர்க்கில் லூயிஸ் கமென்ற்ஸ்கி, கலங்கள் ஒளியை உறிஞ்சுவதையும் சிதறுவதையும் அளந்து அவற்றின் இயல்பை அறிய முயன்றார். 1968இல் ஜேர்மனியின் முன்ஸ்ரர் நகரில் வொல்ப்காங் கோட, சாயம் ஏற்ற கலங்கள் உமிழும் ஒளியை அளக்கும் கருவியை அமைத்தார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து லெனாட் ஹேர்சன்பேர்க், ஒளிரும் கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணியெண்ணிக் கண் சோர்ந்தவர். அவர் லொஸ் அலமோஸ் பொறியின் வரைபடங்களைப் பெற்றுவந்து, 1972ஆம் ஆண்டளவில் லேசர்க் கதிரின் ஒளியிற் கலங்களை ஆராய்ந்து பிரிக்கும் பொறியை உருவாக்கினார். இக்கருவிகளுக்கெல்லாம் புளோ சைற்றோமீற்றர் என்னும் இனத்தைச் சார்ந்த பொதுப்பெயர் 1976இல் புளோரிடா மாநிலத்திற் கூடிய மாநாடொன்றில் ஏற்கப்பட்டது. ஓட்டக் கலமானி எனத் தமிழில் அதனை வழங்கலாம்.

பொறி வந்தது, ஆனாற் கலங்களுக்கு அடையாளம் இடும் திறன் வேண்டுமே. 1941இல் அமெரிக்கரான அல்பேர்ட் கூன்ஸ், நோயெதிர்ப்புக்காக உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அவை போய் ஒட்டும் இடத்தை ஒளியாற் காட்டியிருந்தார். ஆனால் விலங்குகளின் குருதியிலிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் பலவகை கலந்தவை. ஒரு தொகுதிக்கும் மறு தொகுதிக்கும் ஒப்புமை இராது. 1975இற் கேம்பிரிட்ஜ் நகரில் ஜோர்ஜ் கோலரும் சேசார் மில்ஸ்ரைனும் இக்குறையைத் தீர்த்தனர். பிறபொருளெதிரியை ஆக்கும் கலத்தையும், சாவின்றிப் பெருகும் புற்றுக்கலத்தையும் இணைத்து, ஒரே வகையான பிறபொருளெதிரியை வேண்டிய அளவு என்றென்றும் பெறும் வழியை அவர்கள் கண்டனர். 1984இல் நோபல் பரிசு அவர்களைத் தேடிவந்தது. அம்முறைக்கு உரிமைச் சான்றிதழ் எடுக்கப்படாமையால் உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்கள் அதனைத் தடையின்றிக் கைக்கொண்டன.

ஆய்வுகூடந்தோறும் பிறபொருளெதிரிகள் பெருகவே பெயர்க் குழப்பமும் பெருகியது. 1982இற் பாரிஸ் நகரிற் கூடிய அறிஞர்கள், கலத்தின் மேற்பரப்பிலுள்ள அடையாளப் புரதங்களுக்குச் சீ.டீ. என்னும் எழுத்துக்களோடு எண்களைச் சேர்த்துப் பெயரிடத் தொடங்கினர். அந்த ஆண்டுகளிலேதான் எய்ட்ஸ் நோய் உலகை அச்சுறுத்தியது. அந்நோய் குறிப்பாகத் தாக்குவது சீ.டீ. 4 என்னும் அடையாளந் தாங்கிய நிணநீர்க் குழியங்களை. அவற்றை மீண்டும் மீண்டும் எண்ணவேண்டிய தேவை, ஆய்வுகூடத்தில் மட்டும் இருந்த ஓட்டக் கலமானியை வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இக்கருவி வேலை செய்யும் விதம் பின்வருமாறு. நோயாளியின் குருதியிலோ மச்சையிலோ சிறிதளவை எடுத்து, வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் சாயங்கள் பூண்ட பிறபொருளெதிரிகளைக் கலக்கிறார்கள். ஒவ்வொரு பிறபொருளெதிரியும் தனக்குரிய அடையாளம் உள்ள கலத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் அக்கலங்கள் நீருறையின் நடுவே ஒற்றை வரிசையாக லேசர்க் கதிரைக் கடந்து செல்கின்றன. ஒளி நேரே சிதறும் அளவு கலத்தின் பருமனையும், பக்கவாட்டிற் சிதறும் அளவு உள்ளேயுள்ள மணிகளின் செறிவையும், உமிழும் நிறங்கள் மேற்பரப்பின் அடையாளங்களையும் தெரிவிக்கின்றன. வினாடிக்கு ஆயிரக்கணக்கான கலங்கள் இவ்வாறு விசாரிக்கப்படுகின்றன. கணக்கெடுப்புக்கு வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேளாது, ஒவ்வொருவரின் வயதையும் தொழிலையும் கேட்டு எழுதுவது போன்றது இது.

இத்தகைய விசாரணையில் முதலில் அகப்பட்டவற்றுள் ஒன்று ஸ்ட்ரூபிங்கின் பழைய நோய். செங்குழியங்களின் மேற்பரப்பில் சீ.டீ. 55, சீ.டீ. 59 என்னும் இரண்டு காவற் புரதங்கள் உண்டு. குருதியிலுள்ள அழிக்கும் புரதங்கள் தன் உடலின் கலங்களையே தாக்காதபடி தடுப்பவை அவை. பீ.என்.எச். கலங்களில் இரண்டும் இல்லை. காரணம் 1993இல் யப்பானில் வெளிப்பட்டது. தரோ கினோஷிற்றாவும் அவருடைய குழுவினரும், இப்புரதங்களைக் கலத்தின் மேற்பரப்போடு பிணைக்கும் நங்கூரத்தை ஆக்குவதற்கு வேண்டிய ஒரு பரம்பரையலகு, மச்சையிலுள்ள தாய்க்கலம் ஒன்றிற் பழுதுபடுவதே நோயின் மூலம் என்று கண்டனர். நங்கூரம் இல்லையேல் அதிற் கட்டப்படும் புரதங்கள் யாவும் இல்லை. வண்டித் தச்சரின் சிறுநீர் சிவந்தது ஏன் என்பதற்கு 111 ஆண்டுகளுக்குப் பின் முழுமையான விடை கிடைத்தது.

இதன்பின் நோயறிதல் தலைகீழாயிற்று. உடைந்துபோகும் செங்குழியங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பழுது தாய்க்கலத்தில் இருப்பதால் அதன் வழிவந்த வெண்குழியங்களும் நங்கூரம் அற்றவை. குருதி ஏற்றுவதால் அவற்றின் கணக்கு கலங்குவதில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் புரொட்ஸ்கியும் அவருடைய கூட்டாளரும், ஒருவகைப் பற்றீரியாவின் நச்சுப் புரதத்தை ஒளிரும் சாயத்தோடு பிணைத்து, அந்த நங்கூரத்திலேயே நேரே ஒட்டும் சோதனைப்பொருளாக்கினர். இன்றைய நுட்பமான சோதனை பத்தாயிரத்தில் ஒரு பீ.என்.எச். கலத்தையும் காணவல்லது.

அவ்வாறு காண்பதனால் ஆவது என்ன? யப்பானின் கனசாவா நகரத்து ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட கணக்கு அதற்கு விடை தருகிறது. மச்சைச் சோர்வுற்ற 122 நோயாளரிற் நூற்றுக்கு 68 பேரிடத்தே இக்கலங்கள் சிறிதளவேனும் இருந்தன. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துக்கு, அவை இருந்தோரில் நூற்றுக்கு 91 பேர் இணங்கினர். இல்லாதோரில் 48 பேரே இணங்கினர். டாமெஷெக்கின் விடுகதைக்கு ஒரு பகுதி விடையும் இதில் உண்டு: உடலின் எதிர்ப்பாற்றலே மச்சையைத் தாக்கும்போது, நங்கூரம் இழந்த கலங்கள் அத்தாக்குதலுக்குத் தப்பி எஞ்சுகின்றன என்பது பல அறிஞரின் கருத்து. பீ.என்.எச். பெருகிய நிலையில் உள்ளோருக்கு 2007இல் எக்குலிசுமாப் என்னும் மருந்தும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நோய் இன்னதென்று தெரிந்தவர்க்கே அம்மருந்து பயன்படும்.

குறைந்த கலங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மற்றொரு நோய், மயிர்க்கல லூக்கீமியா என்பது. ஒகையோ மாநிலத்துப் பேர்த்தா புறொன்க்கிள் 1958இல் இதனைத் தனி நோயாக விவரித்தார். லூக்கீமியா என்றாற் கலங்கள் பெருகும் என்பதே பொது எண்ணம். இங்கோ குருதியிற் கலங்கள் குறையும். மச்சையில் நார் படர்வதால் ஊசியால் உறிஞ்சினால் ஒன்றும் வராது. குருதியில் உலவும் நோய்க்கலங்களோ மிகச் சில. அச்சிலவற்றையும் சீ.டீ. 11சீ, சீ.டீ. 25, சீ.டீ. 103 என்னும் அடையாளங்களின் சேர்க்கையைக் கொண்டு ஓட்டக் கலமானி இனங்காட்டிவிடும். 1990இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிற் கிளாட்றிபீன் என்னும் மருந்தை ஏழு நாள் ஏற்றிய 12 நோயாளரில் 11 பேர் முழுமையாக நோய் தணியப் பெற்றனர். வெறும் மச்சைச் சோர்வு என்று தவறாகக் கருதப்பட்டிருந்தால் அம்மருந்து அவரை அடைந்திராது.

எல்லா நோய்களும் இவ்வாறு தெளிவாக அகப்படுவதில்லை. எம்.டீ.எஸ். என்னும் நோய்க்கூட்டம் அதற்குச் சான்று. மச்சை உருச்சிதைந்த கலங்களை ஆக்குவதும், காலப்போக்கிற் சிலரிடத்தில் லூக்கீமியாவாக மாறுவதும் இதன் இயல்பு. 1982இல் பிரான்சு, அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் அறிஞர்கள் கலங்களின் உருவத்தைக் கொண்டு இதனை வகுத்தனர். ஆனால் உருச்சிதைவு சிறிதாயின், ஒரு வைத்தியர் நோய் என்பதை மற்றொருவர் நோயன்று என்பார். தோக்கியோ நகரத்துக் கியோயுக்கி ஒகாத்தா, 2009இல் எளிய மதிப்பெண் முறையொன்றை வெளியிட்டார். இரண்டே அடையாளங்களைக் கொண்டு மச்சையின் நான்கு இயல்புகளை அளந்து, இரண்டு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் எம்.டீ.எஸ். என ஐயுறலாம் என்றார். ஐரோப்பிய நிலையங்கள் பல சேர்ந்து 2012இல் இதனைச் சோதித்தன. நோய் இல்லாதோரில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோரை அது சரியாக விலக்கியது. நோய் உள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேரைக் கண்டது. அதாவது, நூற்றுவரில் முப்பதின்மரை அது காணவில்லை. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகுப்பு முறை, ஓட்டக் கலமானியின் முடிவை மட்டும் கொண்டு எம்.டீ.எஸ். என்று தீர்ப்பளிக்கலாகாது என்கிறது. உருவமும் நிறமூர்த்தங்களும் பரம்பரையலகுகளும் சேர்ந்து சாட்சி கூறல் வேண்டும்.

கலங்கள் குறைந்த நோயாளியிடத்தில் இக்கருவிக்குத் தனியான இடரொன்றும் உண்டு. பத்தாயிரத்தில் ஒன்றைக் காணவல்லது என்று சொல்லும்போது, பத்தாயிரங்கள் பல கிடைக்கும் என்பது அதில் அடங்கியுள்ளது. ஒருவரின் குருதியில் கனமில்லிமீற்றருக்கு 500 வெண்குழியங்களே உள்ளன என்றும், அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கே நியூத்திரோபில் என்னும் வகை என்றும் வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஓர் இலட்சம் நியூத்திரோபில்களே கிடைக்கும். அவற்றிற் பத்தாயிரத்துக்கு ஒன்று வீதம் பத்துக் கலங்களே நோயுற்றவை. பத்துக் கலங்களைக் கொண்டு முடிவு கூறுவதற்கு அறிந்தோர் அஞ்சுவர். ஐம்பது வேண்டுமாயின் ஐந்து மில்லிலீற்றர் குருதி வேண்டும். குருதி குறைந்தவரிடமே மேலும் குருதி கேட்கவேண்டிய நிலை இது. எடுத்த குருதி ஓரிரு நாளிற் பழுதாகும். மச்சையை உறிஞ்சும்போது ஊசியில் வரும் முதற் பங்குக்குப் பிந்தியவற்றிற் குருதி அதிகம் கலந்து கணக்கைக் குலைக்கும். ஆதலால், காணப்படவில்லை என்னும் முடிவோடு எத்தனை கலங்களைப் பார்த்தபின் காணப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான அறிக்கையாகும்.

ஃபீறோர்ட் ஒவ்வொன்றாக எண்ணிய நாளுக்கும் இன்றைக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. 1888இல் மடிந்த அந்த இளம்பெண்ணுக்கு நோயின் பெயர் இறந்தபின் கிடைத்தது. அதே நிலையில் இன்று வரும் ஒருவருக்கு, சில மில்லிலீற்றர் குருதியிலிருந்தே தன் நோய் எது என்பதை உயிரோடிருக்கும்போது அறியும் வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பைத் தந்தது பொறி ஒன்று மட்டுமன்று. சாயம் ஊட்டியவரும், துளையிட்டவரும், கலங்களை இணைத்தவரும், பழுதான பரம்பரையலகைத் தேடியவரும், பொறியின் சொல்லை அப்படியே நம்பாது மீண்டும் அளந்து பார்த்தவரும் சேர்ந்து தந்தது அது. இறுதியில், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் முகத்தைப் பார்க்கும் வைத்தியரே, அதன் சொற்களை மச்சையின் தோற்றத்தோடும் அவருடைய வரலாற்றோடும் ஒப்பிட்டு முடிவு செய்கிறார்.